வீட்டில் செய்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சப்வூஃபர் கிராஸ்ஓவர்

நீங்களே ஐ.சி.யைச் சாலிடர் செய்து, ஹீட்சிங்க் பொருத்தி, பெட்டியில் அடைத்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் நன்றாகவே பாடுகிறது. குரல் தெளிவாக வருகிறது, சிம்பலின் ஓசை காதில் விழுகிறது. டிரம் அடிக்கும்போது தோலின் சத்தம் மட்டும் கேட்கிறது. நெஞ்சில் வந்து இடிக்க வேண்டிய முழக்கத்தைக் காணவில்லை. குறை உங்கள் ஆம்ப்ளிஃபயரில் இல்லை. நான்கு அங்குல ஸ்பீக்கரால் தள்ள முடிந்த காற்று அவ்வளவுதான். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஒலியை அறை முழுக்கக் கொண்டுசேர்க்கப் பெரிய கூம்பும் அதற்கேற்ற பெட்டியும் வேண்டும்.

ஒரு சப்வூஃபரும், அதை ஓட்ட மூன்றாவது ஆம்ப்ளிஃபயர் சேனலும், இரண்டுக்கும் முன்னால் தாழ்ந்த ஒலியை மட்டும் பிரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய சர்க்யூட்டும் இருந்தால் இந்தக் குறை தீரும். அந்தச் சர்க்யூட்டைத்தான் கிராஸ்ஓவர் என்கிறோம். ஒரே ஒரு எட்டுக்கால் ஐ.சி.யில் அதைச் செய்துவிடலாம்; சாலிடரிங் பழகிய கைக்கு ஒரு மாலை நேரம் போதும். ஆனால் சர்க்யூட்டைச் செய்து முடிப்பதோடு வேலை முடிவதில்லை. சிறிய ஸ்பீக்கர்கள் இத்தனை நாள் மறைத்துவைத்திருந்த மின்சார இரைச்சலை எல்லாம் சப்வூஃபர் அப்படியே வெளியே கொட்டும். கிரவுண்ட் ஒயரை எங்கே இணைக்கிறீர்கள் என்பதில்தான் இந்த வேலையின் பாதி வெற்றி இருக்கிறது. அதனால் அந்தப் பகுதிக்கு வரும்போது அவசரப்படாமல் படியுங்கள்.

வடிகட்டியை எங்கே வைப்பது

புதிதாக வருபவர்களில் பலர் முதலில் நினைப்பது, ஸ்பீக்கர் ஒயரில் ஒரு காயிலையும் கெப்பாசிட்டரையும் போட்டால் போதுமே என்றுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆசை விலகிவிடும். 4 ஓம் சப்வூஃபரை 80 ஹெர்ட்ஸில் வெட்ட, அதாவது அதற்கு மேலுள்ள ஒலியைத் தடுக்க, சுமார் 11 மில்லிஹென்றி காயிலும் 350 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தேவைப்படும். அந்தக் காயிலைச் சுற்ற ஏராளமான செம்புக் கம்பி வேண்டும். கம்பி மெலிதாக இருந்தால் அதன் மின்தடையிலேயே ஆற்றல் வெப்பமாக வீணாகும். தடிமனாக இருந்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அளவுக்குக் கனக்கும். அத்தனையும் செய்த பிறகு வெட்டும் இடத்தை மாற்ற நினைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், சிக்னல் சிறியதாக இருக்கும் இடத்தில் வடிகட்டினால் இதே வேலையைச் சில ரெசிஸ்டர்களும் நகக்கண் அளவு கெப்பாசிட்டர்களும் செய்துவிடுகின்றன. மதிப்பை மாற்றுவதும் எளிது. ஆகவே நாம் அந்த வழியில் போவோம்.

எத்தனை ஹெர்ட்ஸில் வெட்டுவது

உங்கள் பிரதான ஸ்பீக்கர்கள் ஐந்தாறு அங்குலம் என்றால் 80 ஹெர்ட்ஸ் அருகில் வெட்டுங்கள். மூன்று, நான்கு அங்குலச் சிறிய ஸ்பீக்கர்கள் என்றால் 100 முதல் 120 வரை போகலாம். எட்டு அங்குலத்துக்கு மேல் என்றால் 60 போதும்.

120-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் மேல். நம் இரு காதுகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் அது மிக நீளம் என்பதால், ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நம்மால் பிரித்தறிய முடிவதில்லை. இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே சப்வூஃபர் போதும் என்று சொல்வது இதை வைத்துத்தான். வெட்டும் இடம் மேலே போகப் போக இந்தச் சலுகை குறைந்துகொண்டே வரும். ஆண் குரலின் அடிப்படைச் சுருதி பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. 150-இல் வெட்டினால் பாடகரின் தொண்டையில் பாதி மூலையில் இருக்கும் பெட்டிக்குள்ளிருந்து ஒலிக்கும்.

சர்க்யூட்

டி.எல். 072 என்ற ஐ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய சிக்னல்களைப் பெருக்கவும் கலக்கவும் உதவும் ஆப்-ஆம்ப் என்ற குட்டி ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு ஒரே உடலுக்குள் இருக்கும். உள்ளீட்டில் ஜே-ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர் இருப்பதால் பெரிய மதிப்பு ரெசிஸ்டர்களோடு தொல்லையின்றிப் பழகும். 4558 கையில் இருந்தால் அதுவும் அப்படியே பொருந்தும். இரண்டுக்கும் கால்கள் ஒரே வரிசை. எல்.எம். 358-உம் அதே வரிசைதான். ஆனால் அதன் வெளியீட்டில் சிக்னல் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு சிறு பிசிறு விழும் என்பதால் ஒலி வேலைக்கு அதை நான் எடுப்பதில்லை.

முதல் ஆப்-ஆம்ப் இடது, வலது சிக்னல்களைக் கலக்கும். இரண்டாவது, கலந்த சிக்னலில் தாழ்ந்த பகுதியை மட்டும் விடும்.

கலப்பதற்கு ஏன் ஒரு ஆப்-ஆம்ப், இரண்டு ஒயர்களையும் முறுக்கி ஒன்றாக்கினால் ஆகாதா என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் சப்வூஃபருக்கு மட்டுமல்லாமல் உங்கள் பிரதான ஸ்பீக்கர்களுக்கும் இடமும் வலமும் ஒன்றாகிவிடும். ஸ்டீரியோ என்பதே போய்விடும். ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும் இரண்டு வெளியீடுகளை நேரடியாக இணைப்பது சிக்னல் தரும் கருவிக்கும் நல்லதில்லை. தலைகீழாக்கிக் கூட்டும் ஆப்-ஆம்ப் அமைப்பில் 2-ஆம் கால் எப்போதும் ஏறக்குறைய கிரவுண்டின் மின்னழுத்தத்திலேயே நிற்கும். இடது சிக்னல் அங்கே வந்து சேர்கிறது. வலது பக்கம் திரும்பிப் போக வழியில்லை. இந்தச் சிறிய ஏற்பாடுதான் உங்கள் ஸ்டீரியோவைக் காப்பாற்றுகிறது.

இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தாளில் வரைந்துகொண்டே படித்தால் தெளிவாகும். ஐ.சி.யின் மேல் உள்ள வெட்டு மேலே இருக்கும்படி வைத்தால், இடது மேல்மூலையில் 1-ஆம் கால், அங்கிருந்து கீழிறங்கி 4, பிறகு வலது கீழ்மூலையில் 5, மேலேறி 8.

இடது சிக்னல் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக, அதன் பிறகு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 2-ஆம் காலுக்கு வருகிறது. வலது சிக்னலுக்கும் அதே போல இன்னொரு ஜோடி. அதுவும் 2-ஆம் காலுக்கே. 2-க்கும் 1-க்கும் இடையே 22 கிலோ ஓம். 3-ஆம் கால் கிரவுண்டுக்கு. கலக்கும் பகுதி இவ்வளவுதான். 47-க்கு 22 என்று பாதியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான பதிவுகளில் பேஸ் இரண்டு சேனலிலும் சமமாகவே இருக்கும். இரண்டும் கூடும்போது இருமடங்காகும் என்பதால் முன்கூட்டியே பாதியாக்கிவிடுகிறோம்.

உள்ளே வரும் கெப்பாசிட்டரின் மதிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். 1 மைக்ரோஃபாரட்டும் 47 கிலோ ஓமும் சேர்ந்தால் 3.4 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலி குறையும். கையில் இருக்கிறதே என்று 0.1 போட்டுவிட்டால் அந்த இடம் 34 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். எந்த ஒலிக்காக இத்தனை பாடுபடுகிறோமோ அதை வாசலிலேயே தடுத்தது போலாகும்.

அடுத்தது வடிகட்டி. 1-ஆம் காலிலிருந்து 27 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று புறப்படுகிறது. அதன் மறுமுனையிலிருந்து இன்னொரு 27 கிலோ ஓம் 5-ஆம் காலுக்குப் போகிறது. இரண்டு ரெசிஸ்டர்களும் சந்திக்கும் இடத்திலிருந்து 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் 7-ஆம் காலுக்கு. 5-ஆம் காலிலிருந்து 47 நானோஃபாரட் கிரவுண்டுக்கு. 6-ஆம் காலும் 7-ஆம் காலும் நேரடியாக ஒன்றோடொன்று. வெளியீடு 7-ஆம் காலில் கிடைக்கும். அங்கிருந்து 100 ஓம், அதன் பிறகு துருவமில்லாத 10 மைக்ரோஃபாரட், அதன் பிறகு 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலின் மேல்முனை. அதன் கீழ்முனை கிரவுண்டுக்கு. நடுக்கால் மூன்றாவது ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுக்கு.

இந்த வடிவம் 1955-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாலன், கீ என்ற இருவர் வெளியிட்டது. இன்றும் அவர்கள் பெயரிலேயே சாலன்-கீ வடிகட்டி என்று வழங்குகிறது. கிரவுண்டுக்குப் போகும் கெப்பாசிட்டரைப் போல இருமடங்கு மதிப்பை 7-ஆம் காலுக்குப் போவதற்கு வைத்தால், வெட்டும் இடம் வரை எந்த மேடும் பள்ளமும் இல்லாமல் சமமாக வந்து பிறகு இறங்கும். ஸ்டீபன் பட்டர்வொர்த் 1930-இல் விளக்கிய சமதள வடிகட்டி இதுதான். சந்தையில் கிடைக்கும் மதிப்புகளில் 100-உம் 47-உம் ஏறக்குறைய அந்த விகிதத்தில் அமைகின்றன.

27 கிலோ ஓமுக்கு வெட்டும் இடம் 86 ஹெர்ட்ஸ். 22 போட்டால் 105, 33 போட்டால் 70, 39 போட்டால் 60-ஐ ஒட்டி வரும். இரண்டு ரெசிஸ்டர்களும் ஒரே மதிப்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். திருகி மாற்ற விரும்பினால், ஒவ்வொரு ரெசிஸ்டரின் இடத்திலும் 15 கிலோ ஓமோடு தொடராக, 50 கிலோ ஓம் இரட்டை வால்யூம் கண்ட்ரோலின் ஒரு பாதியை இணைக்கலாம். 36-இலிருந்து 155 ஹெர்ட்ஸ் வரை நகர்த்த முடியும். முதல் முயற்சியில் நிலையான ரெசிஸ்டர்களையே போடுங்கள். தவறு நேர்ந்தால் தேட வேண்டிய இடங்கள் குறையும்.

கெப்பாசிட்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 100 நானோஃபாரட் என்று கேட்டால் பலர் கையில் எடுப்பது 104 என்று அச்சிட்ட மெல்லிய வட்டத்தட்டு செராமிக். அதை மின்சாரப் பாதையில் போடுங்கள், சிக்னல் பாதையில் வேண்டாம். அந்த வகை செராமிக்குகளில் பலவற்றின் மதிப்பு வெப்பத்தோடும் மின்னழுத்தத்தோடும் மாறிக்கொண்டே இருக்கும். வடிகட்டியில் அது நேராக வெட்டும் இடத்தையே நகர்த்தும். பாலியெஸ்டர் ஃபிலிம் கெப்பாசிட்டர் வாங்குங்கள். எண்கள் அதேதான்: 104 என்றால் 100 நானோஃபாரட், 473 என்றால் 47 நானோஃபாரட், 105 என்றால் 1 மைக்ரோஃபாரட்.

மின்சாரம்

டி.எல். 072-க்குக் கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட் கொடுப்போம். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் ஏற்கெனவே இருபக்க மின்சாரம் இருந்தால் 7812, 7912 என்ற இரண்டு ரெகுலேட்டர்களால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கூட்டல் மின்சாரம் 8-ஆம் காலுக்கு, கழித்தல் 4-ஆம் காலுக்கு. இந்த ஐ.சி. சில மில்லிஆம்பியர் மட்டுமே இழுப்பதால் ரெகுலேட்டர்களுக்கு ஹீட்சிங்க் தேவையில்லை. ஆனால் அவற்றின் உள்ளே 35 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. எல்.எம். 1875 போன்ற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி.கள் ஓடும் மின்னழுத்தத்துக்கு இது சரிவரும். 40 வோல்ட்டில் ஓடும் பெரிய ஆம்ப்ளிஃபயர் என்றால் 12-0-12 சிறிய டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாக வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது; நானும் அதில் விழுந்திருக்கிறேன். 7812-உம் 7912-உம் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் 7812-இல் இடமிருந்து வலமாக உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. 7912-இல் கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துச் சாலிடர் செய்துவிட்டு மின்சாரம் கொடுத்தேன். ரெகுலேட்டர் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது, ஐ.சி.யின் முதுகில் ஒரு சிறு கொப்புளம் எழும்பி, பிளாஸ்டிக் கருகும் வாசனை அறை முழுக்கப் பரவியது. 7912-இன் உலோக முதுகும் உள்ளீட்டோடு இணைந்தது, கிரவுண்டோடு அல்ல. அது பெட்டியைத் தொட்டாலே ஷார்ட் ஆகிவிடும்.

ரெகுலேட்டரின் முன்னும் பின்னும் 10 மைக்ரோஃபாரட் வையுங்கள். கழித்தல் பக்கத்தில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் கூட்டல் கால் கிரவுண்டை நோக்கி இருக்க வேண்டும். ஐ.சி.யின் 8-ஆம் காலை ஒட்டி ஒரு 104 கிரவுண்டுக்கு, 4-ஆம் காலை ஒட்டி இன்னொன்று. அந்த செராமிக் வட்டத்தட்டுகளுக்கு உரிய இடம் இதுவே.

உங்கள் ஆம்ப்ளிஃபயர் ஒற்றை 12 வோல்ட்டில் ஓடுவது என்றால் 4-ஆம் காலை கிரவுண்டுக்கும் 8-ஆம் காலைக் கூட்டல் 12-க்கும் கொடுங்கள். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 12 வோல்ட்டை நடுவில் பிரித்து, அந்த நடுப்புள்ளியிலிருந்து 100 மைக்ரோஃபாரட் கிரவுண்டுக்குப் போட்டு, 3-ஆம் காலை கிரவுண்டுக்குப் பதிலாக அந்தப் புள்ளியில் இணையுங்கள். மற்றவை அப்படியே. ஐ.சி.யின் வெளியீடுகள் இப்போது 6 வோல்ட்டில் நிற்கும். அதை அடுத்த கட்டத்துக்குப் போகவிடாமல் தடுப்பது வெளியே இருக்கும் 10 மைக்ரோஃபாரட்.

சிக்னலை எங்கிருந்து எடுப்பது

உங்கள் பிரதான ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்கால்களிலிருந்து எடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் வால்யூமைக் குறைத்த பிறகும் சப்வூஃபர் மட்டும் முழங்கிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுக்க நினைக்காதீர்கள். டி.பி.ஏ. 3116, டி.டி.ஏ. 7297 போன்ற பிரிட்ஜ் வகை ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலுமே சிக்னல் இருக்கும். கழித்தல் முனை கிரவுண்ட் என்று நம்பி ஒயரைக் கொடுத்தால் ஐ.சி. போய்விடும்.

இதே இடத்தில் இன்னொரு சிறு மாற்றமும் செய்யலாம். உங்கள் பிரதான ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் ஒரு கெப்பாசிட்டரும், அதன் பின்னால் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். பல சர்க்யூட்களில் அந்த ரெசிஸ்டர் 22 கிலோ ஓம். உங்களுடையதும் அப்படி இருந்தால் அந்தக் கெப்பாசிட்டரை 0.1 மைக்ரோஃபாரட்டாக மாற்றுங்கள். 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சிறிய ஸ்பீக்கர்களுக்குப் போவது மெல்லக் குறையும். கூம்புகள் வீணாக முன்னும் பின்னும் அலையாது, குரலும் துப்புரவாகும். கிராஸ்ஓவருக்கான ஒயர் இந்தக் கெப்பாசிட்டருக்கு முன்னாலேயே பிரிய வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது ஆம்ப்ளிஃபயர் உங்கள் சப்வூஃபரின் ஓம் அளவைத் தாங்குமா, டிரான்ஸ்ஃபார்மருக்கு மூன்று சேனல்களையும் சேர்த்து ஓட்டும் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை

பெட்டிக்குள் கை வைக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. உருவிய பிறகும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அவற்றின் முனைகளில் அரை நிமிடம் வைத்து வடியவிட்டு, மல்டிமீட்டரால் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஐ.சி.யை நேரடியாகச் சாலிடர் செய்யாமல் எட்டுக்கால் சாக்கெட்டைப் போடுங்கள். முதலில் சாக்கெட் காலியாக இருக்கும்போதே மின்சாரம் கொடுத்து, கிரவுண்டை அடிப்படையாக வைத்து 8-இல் கூட்டல் 12, 4-இல் கழித்தல் 12 வருகிறதா என்று அளந்துபாருங்கள். இந்த ஓர் அளவீடு செய்திருந்தால் என் ஐ.சி. பிழைத்திருக்கும். சரியாக இருந்தால் அணைத்து, வடியவிட்டு, ஐ.சி.யைச் செருகி மறுபடியும் மின்சாரம் கொடுங்கள். 1-ஆம் காலிலும் 7-ஆம் காலிலும் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது (ஒற்றை 12 வோல்ட்டில் ஓட்டினால் மட்டும் 6 வோல்ட் நிற்கும்). அங்கே 10 அல்லது 11 வோல்ட் நின்றால் எங்கோ ஒரு சாலிடர் விட்டிருக்கிறது. பெரும்பாலும் 22 கிலோ ஓமின் ஒரு முனையாகவோ 6-க்கும் 7-க்கும் இடையே உள்ள இணைப்பாகவோ இருக்கும்.

இனி சிக்னல். கைபேசியில் ஒற்றை அதிர்வெண் ஒலியை உண்டாக்கும் செயலி ஒன்றை வைத்து 40 ஹெர்ட்ஸை உள்ளே கொடுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து 7-ஆம் காலில் அளவிடுங்கள். அதை 100 என்று கொண்டால், 86 ஹெர்ட்ஸில் 75-ஐ ஒட்டியும், 172-இல் 25-ஐ ஒட்டியும், 344-இல் 6-ஐ ஒட்டியும் வர வேண்டும். அதிர்வெண் இருமடங்காகும்போதெல்லாம் ஒலி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிறது. கெப்பாசிட்டர்களின் மதிப்பே பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்பதால் எண்கள் சற்று விலகினால் கவலை வேண்டாம். சில எளிய மல்டிமீட்டர்களில் ஏ.சி. அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும். அவற்றால் இந்தச் சிறிய சிக்னலைச் சரியாகப் படிக்க முடியாது. அப்போது சப்வூஃபரை இணைத்துக் காதால் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

சப்வூஃபரை இணைக்கும் முன் மூன்றாவது ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. மின்னழுத்தத்தைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் இணைக்காதீர்கள். பெரிய காயில் என்றாலும் டி.சி. அதைக் கருக்கிவிடும்.

உம்மென்ற இரைச்சல்

எல்லாம் சரியாக இருக்கிறது, பாட்டே போடவில்லை, ஆனால் சப்வூஃபர் உம்மென்று முனகிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய எல்லோரும் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். சுவர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் அதுவும், பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்குப் பின் உருவாகும் 100 ஹெர்ட்ஸும் நம் வடிகட்டி கதவு திறந்து வைத்திருக்கும் பகுதியிலேயே விழுகின்றன. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 60-உம் 120-உம்.

என் முதல் கிராஸ்ஓவரில் இந்த இரைச்சலோடு வாரக்கணக்கில் போராடினேன். ஐ.சி.யை மாற்றினேன், கெப்பாசிட்டர்களைப் பெரிதாக்கினேன், எதற்கும் மசியவில்லை. கடைசியில் உள்ளீட்டு சாக்கெட்டின் கிரவுண்ட் ஒயர் ஸ்பீக்கர் முனையின் கிரவுண்டில் இணைந்திருப்பதைக் கவனித்தேன். ஒரு விரல் நீளத்துக்கு அதை நகர்த்தி கிராஸ்ஓவர் போர்டில் சாலிடர் செய்தேன். அறை அமைதியானது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகரும் ஓசை கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

நடந்தது இதுதான். கிரவுண்ட் ஒயர் என்றாலும் அது கம்பிதான். அதற்கும் மின்தடை உண்டு. சப்வூஃபரின் ஆம்பியர் கணக்கான மின்னோட்டமும், ஃபில்டர் கெப்பாசிட்டர்களை நிரப்பும் துடிப்புகளும் அதன் வழியே ஓடும்போது ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே சில மில்லிவோல்ட் உருவாகிறது. சிறிய சிக்னல் அதே கம்பியைப் பகிர்ந்துகொண்டால் அந்த மில்லிவோல்ட்டும் சிக்னலோடு கலந்து பெருக்கப்படும்.

ஆகவே இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் சந்திக்கும் கிரவுண்டிலிருந்து ஒரு குட்டையான தடித்த கம்பியை இழுத்து, அதன் முனையில் ஒரு புள்ளியை மையமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர்களின் திரும்பும் ஒயர்கள், மூன்று ஆம்ப்ளிஃபயர் போர்டுகளின் கிரவுண்ட்கள், கிராஸ்ஓவர் போர்டின் கிரவுண்ட் ஆகிய எல்லாம் தனித்தனி ஒயராக அந்தப் புள்ளிக்கு வரட்டும். ஒன்றின் மேல் ஒன்று தொற்றிக்கொண்டு வர வேண்டாம். கிராஸ்ஓவருக்குச் சிக்னல் கொண்டுவரும் ஷீல்டு ஒயரின் வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். இரண்டு போர்டுகளும் ஏற்கெனவே மையத்தில் சந்திக்கின்றன. வலையையும் இரு முனைகளிலும் இணைத்தால் ஒரு வளையம் உருவாகி, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தை அது அப்படியே பிடித்துக்கொள்ளும்.

பிறகும் இரைச்சல் இருந்தால் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். மூன்றாவது ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டைக் கழற்றி, அந்தப் போர்டிலேயே கிரவுண்டோடு ஷார்ட் செய்யுங்கள். இரைச்சல் நிற்கவில்லை என்றால் குற்றம் அந்த ஆம்ப்ளிஃபயரிலோ அதன் மின்சாரத்திலோ. நின்றுவிட்டால் கிராஸ்ஓவரை மீண்டும் இணைத்து, அதன் இரண்டு உள்ளீடுகளையும் ஷார்ட் செய்யுங்கள். இப்போது இரைச்சல் வந்தால் கிராஸ்ஓவர் போர்டின் கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள். வரவில்லை என்றால் உள்ளே வரும் ஒயர்களிலும் வால்யூம் கண்ட்ரோலிலும் தேடுங்கள். மென்மையான முனகல் என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் அருகாமையை முதலில் சந்தேகியுங்கள். அதைச் சற்றுத் திருப்பி வைத்தாலே குறைவது உண்டு. கரகரப்போடு சீறினால் ரெக்டிஃபயரிலிருந்து வரும் துடிப்பு கிரவுண்டில் கலந்திருக்கிறது.

பெட்டி உலோகம் என்றால் சுவர் எர்த் ஒயரை அதில் உறுதியாக இணைத்திருக்க வேண்டும். இரைச்சலைக் குறைக்க அந்த எர்த்தைத் துண்டிக்கும் ஆலோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உள்ளே ஒரு ஒயர் நழுவிப் பெட்டியைத் தொட்டால் உயிரைக் காப்பது அது ஒன்றுதான்.

அறையோடு பொருத்துதல்

கலக்கும் ஆப்-ஆம்ப் சிக்னலைத் தலைகீழாக்குகிறது. வடிகட்டியும் வெட்டும் இடத்தில் தன் பங்குக்கு 90 பாகை பின்தள்ளுகிறது. இதனால் சிறிய ஸ்பீக்கர்கள் காற்றை முன்னே தள்ளும் நேரத்தில் சப்வூஃபர் பின்னே இழுக்கக்கூடும். இரண்டும் ஒன்றையொன்று அழித்து, வெட்டும் இடத்தில் ஒரு பள்ளம் விழும். கணக்குப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். 86 ஹெர்ட்ஸ் ஒலியை மூன்று ஸ்பீக்கர்களிலும் ஓடவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் கேளுங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, சப்வூஃபரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி மறுபடியும் கேளுங்கள். எது அதிகமாக ஒலிக்கிறதோ அதுவே சரியான இணைப்பு.

அடுத்து அளவு. சப்வூஃபரின் வால்யூமை அறவே குறைத்துவைத்து, பழகிய பாட்டு ஒன்றைப் போட்டு, மெல்ல ஏற்றுங்கள். பேஸ் கிட்டார் படிப்படியாக ஏறி இறங்கும் பாட்டாக இருந்தால் உதவியாக இருக்கும். ஒலி மூலையிலிருந்து வருவதாக ஒரு கணம் தோன்றும். அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்குங்கள். கண்ணை மூடினால் பேஸ் முன்னே இருக்கும் சிறிய ஸ்பீக்கர்களிலிருந்தே வருவதாக இருக்க வேண்டும். முழுக்க ஏற்றியும் போதவில்லை என்றால் 22 கிலோ ஓமை 47 ஆக்குங்கள், இருமடங்காகும்.

ஒரே ஒரு சுரம் மட்டும் தூக்கலாக முழங்கினால் சர்க்யூட்டைக் குறை சொல்லாதீர்கள். நான்கு மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸில் தானாகவே ஒலிக்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அந்த அலையின் பாதி சரியாகப் பொருந்துகிறது. சப்வூஃபரை மூலையிலிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். இன்னும் நல்ல வழி, அதை நீங்கள் உட்காரும் நாற்காலியின் இடத்தில் வைத்து, பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்துகொண்டே கேட்பது. பேஸின் எல்லாச் சுரங்களும் சமமாகக் கேட்கும் இடம் ஒன்று தட்டுப்படும். சப்வூஃபரைக் கொண்டுபோய் அங்கே வையுங்கள். இடம் மாறியதால் ஒயர்களை மாற்றிக் கேட்கும் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து, வால்யூம் திருகி நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, பெட்டியை மூடுங்கள்.